நான்கு குழாய் எச்சில்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. பக்கத்து இருக்கையில், காலடியில் ஓர் உபரி பிரேக்கோடு, காலம் முழுக்க அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதால் வருவது. சலூனில், வங்கியில், சொந்த வீட்டுச் சோபாவில், எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி, ஆபத்து வருவது போலத் தெரிந்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். நம் மாஸ்டருக்கு அந்த வியாதி முற்றிப்போய், பெரும்பாலும் அவர் மனைவி வாயைத் திறக்கும்போதுதான் கால் அழுந்தும். பிரயோசனம் ஒன்றும் கிடையாது. அந்த வண்டிக்கு அவர் பக்கம் பிரேக் வைக்கவில்லை.

அன்று கருத்தரிப்பு மருத்துவமனையின் ஆலோசனை அறையில் அவர் கால் ஓயாமல் அழுந்திக்கொண்டிருந்தது. சின்ன அறை. வந்திருந்தது ஆறு பேர், நாற்காலி நான்கு. மாஸ்டரின் மகனும் மருமகளும் மாஸ்டர் தம்பதியும் ஒரு பக்கம். எதிரே மருமகளைப் பெற்றவர்கள். அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஹெட்மிஸ்ட்ரஸ். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக், பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து ஆறுதல் சொல்லியே பேச்சு மெதுவாகிவிட்ட மனிதர். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில், கையில் பேனாவோடு, மரபணு ஆலோசகரான ஒரு சின்னப் பெண். எல்லோரும் அவளைக் கவுன்சலர் பொண்ணு என்றே சொன்னார்கள்.

வந்த காரியம் சிரிப்பதற்கான காரியம் இல்லை. மகனுக்கும் மருமகளுக்கும் முன்பே ஒரு பெண் குழந்தை பிறந்து, முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போய்விட்டது. தசையெல்லாம் துவண்டுபோகும் பரம்பரை நோய். கழுத்து கடைசிவரை நிற்கவே இல்லை. கண் மட்டும் அறைக்குள் வருகிறவர்களைத் துரத்தித் துரத்திப் பார்த்து, பார்த்தவுடன் சிரிக்கும். மறுபடி அப்படி ஒன்றைத் தாங்க முடியாது என்றுதான் இப்போது கருவை வெளியே உண்டாக்கி உறைய வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கருவிலும் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று சோதித்து, நோய் வராத ஒன்றை வயிற்றில் வைப்பதாக ஏற்பாடு.

"கோளாறு எந்த வழியா இறங்கி வந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் கருவுல அதை நிச்சயமா அடையாளம் பிடிக்க முடியும்," என்றாள் கவுன்சலர் பொண்ணு. "குழந்தையோட ரத்தம் இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். அப்ப யாரும் எடுத்து வைக்கல. அதனால தாத்தா பாட்டி நாலு பேரோட எச்சிலும் வேணும். அதுக்கு முன்னாடி குடும்பத்துல யார் யாருக்கு என்னென்ன இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

இதைத்தான் அவள் கேட்டிருக்கக் கூடாது.

மாஸ்டரின் மனைவி தையல்காரம்மா. வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். வார்த்தையையும் கத்தரித்தே பேசிப் பழக்கம். "எங்க பக்கம் எல்லாரும் கெட்டி," என்று ஆரம்பித்தாள். "எங்க சித்தப்பா ஏணியிலேருந்து விழுந்தாரு. ஏணிதான் உடைஞ்சுது."

"எங்க குடும்பத்துல எல்லாரும் முதல் வகுப்பு," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"நான் உடம்பைப் பத்திக் கேட்டேம்மா."

"உடம்பும் முதல் வகுப்புதான்."

மாஸ்டர் காலை அழுத்தினார். பலன் இல்லை.

"இவங்க பெரியப்பா மகன் ஒருத்தரு இருக்காரு," என்று தையல்காரம்மா எதிர்ப்பக்கம் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினாள். "கல்யாணத்துக்கு வந்தப்பவே பாத்தேன். நடையே ஒரு தினுசு."

"அது புது ஷூ," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம், அது இன்று நேற்று வந்ததில்லை. பிள்ளைகள் காதலிக்க ஆரம்பிப்பதற்கு வெகுகாலம் முன்பே, பாக்கெட் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது என்று ஒரு வருடத்துச் சீருடை மூட்டை முழுவதையும் திருப்பி அனுப்பியவர் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ். பையனும் பெண்ணும் உலகத்தில் வேறு வீடே கிடைக்காத மாதிரி தேடிப்பிடித்து இந்த இரண்டு வீட்டையும் சம்பந்தி ஆக்கினார்கள். குழந்தை போனபிறகு சண்டை வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்கள். இப்போது திட்டுவதில்லை. அது யார் பக்கத்திலிருந்து வந்தது என்ற கேள்வியை நாகரிகமாக ஒருவர் தட்டில் இன்னொருவர் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

கவுன்சலர் பொண்ணு பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இந்த நோய் ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வராது. ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் வரும். பாதி இங்கேருந்து, பாதி அங்கேருந்து. அதை வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. தெரியவே தெரியாது. இதுல யாரோட தப்பும் இல்ல."

தையல்காரம்மா துணி அளப்பது போல அதை மனசுக்குள் அளந்து பார்த்தாள்.

"பாதின்னு சொன்னாலும்," என்றாள் தையல்காரம்மா, "எந்தப் பாதி பெரிசுன்னு இருக்குமில்ல?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மகன் கூரையைப் பார்த்தான். கவுன்சலர் பொண்ணு ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து, கோடு வரைக்கும் துப்ப வேண்டும், துப்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அத்தோடு தொல்லை விட்டது என்று பாவம் நினைத்திருப்பாள்.

மறுநாள் காலையில் மாஸ்டர் பயிற்சிக்குக் கிளம்பும்போது மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடவில்லை. ஊசிக்குக் கீழே ஒரு நீலக் கால்சட்டை பாதியில் நின்றிருந்தது.

"ஏங்க," என்றாள். "அந்தக் குழாய். எனக்குத் துப்ப வரல."

"தண்ணி குடிச்சிட்டு அரை மணி கழிச்சுப் பாரேன்."

"வரலன்னு சொல்றேன். நீங்களே ரெண்டுலயும் துப்பிக் குடுத்துடுங்க."

மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை என் மடியில படுத்துக்கிட்டு என்னையே பாத்துட்டு இருக்கும்," என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "சிரிக்கும். அதுக்கு அந்த நோயை நான்தான் குடுத்தேன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, அப்புறம் நான் எப்படிங்க இருக்கிறது? அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கிறது? இவ்வளவு நாள் வாய் கிழியப் பேசிட்டேனே."

"யாரோட தப்பும் இல்லன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

"அது அந்தப் பொண்ணு சொல்லும். அதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

மாஸ்டர் அந்த இடத்தில் காலை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. மனைவி அழுது அவர் பார்த்தது ரொம்பக் குறைவு. குழந்தையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு குழாய்க்காகக் கண் கலங்கியதும் மனிதருக்கு மூளை வேலை நிறுத்தம் செய்துவிட்டது. அவரே தனக்கு நியாயமும் சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே சமையல். எச்சில் மட்டும் எவ்வளவு வித்தியாசப்பட்டுவிடப் போகிறது? படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் பிரியமாக இருக்கிறவன் யோசிக்கிற யோசனை எப்போதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

இரண்டு குழாய்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பயிற்சிக் காரில் ஏறினார். அன்றைய மாணவி ஒரு பல் டாக்டரம்மா. வாய்க்குள் ஒரு மயிரிழை தவறாமல் துளை போடுகிற கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்கும். முதல் குழாய் பூங்கா சுற்றுச் சாலையிலேயே நிறைந்துவிட்டது. இரண்டாவதில்தான் வந்தது வினை. வாய் பாலைவனமாகிவிட்டது. மனசாட்சி உறுத்தினால் முதலில் எச்சில்தான் வற்றும் போலிருக்கிறது.

"மாஸ்டர், என்ன செய்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல. நீங்க ரோட்டைப் பாருங்க."

"வாய் உலர்ந்திருக்கு. தண்ணி குடிங்க."

"குடிக்கக் கூடாது."

"அப்போ எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்குங்க. நறுக்கி, உப்புத் தடவி, நாக்குல வைக்கிற மாதிரி."

மாஸ்டர் கண்ணை மூடி நினைத்தார். நன்றாகவே ஊறியது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவும் தன் யோசனையில் தானே மயங்கி எலுமிச்சம்பழத்தை நினைத்திருக்க வேண்டும், வண்டி நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறி நின்றது. எத்தனையோ வருட அனுபவத்தில் முதல்முறையாக மாஸ்டருடைய கால் பிரேக்குக்குப் போகவில்லை. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

எச்சில் ஆய்வகத்துக்குப் போன சில வாரங்களில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு பேரும் நேரில் வர வேண்டும். மறுபடி அதே அறை, அதே நான்கு நாற்காலி. கவுன்சலர் பொண்ணு தொண்டையைச் செருமினாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"ஆய்வகத்துல முதல்ல ஒரு அடிப்படைச் சோதனை செய்வாங்க. எச்சில் ஆணோடதா, பெண்ணோடதா, ஒவ்வொண்ணும் வேற வேற ஆளோடதான்னு. அதுலயே நிறுத்திட்டாங்க." அவள் மாஸ்டரையும் தையல்காரம்மாவையும் பார்த்தாள். "பையனோட அம்மான்னு குடுத்த எச்சில் ஒரு ஆணோடது."

தையல்காரம்மாவின் முகம் வெளுத்தது. மாஸ்டர் திருதிருவென்று முழித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும். ஆனால் ஆச்சரியம், அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணோட அம்மான்னு குடுத்ததும்," என்றாள் கவுன்சலர் பொண்ணு, "ஒரு ஆணோடதுதான்."



"அதாவது," என்றாள் அவள், தொழில் மரியாதை முழுவதையும் திரட்டிக்கொண்டு, "இந்தக் குடும்பத்துல ரெண்டு பாட்டிகளும் ஆம்பளைங்க."

"யாரும் பதற்றப்பட வேண்டாம்," என்றார் லிஃப்ட்காரர் பழக்க தோஷத்தில்.

முதலில் சிரித்தது மருமகள்தான். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, நாற்காலியே ஆடியது. மகனும் சேர்ந்துகொண்டான். மாஸ்டரும் அப்பாடா என்று அசடு வழியச் சிரிக்கத் தொடங்கினார். அப்புறம்தான் கவனித்தார், மருமகள் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது.

"ஊசி போட்டுப் போட்டு என் வயிறு முழுக்க நீலம் பாரிச்சுக் கிடக்கு," என்றாள். "ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு அழுகை அழுதிருக்கேன். அங்க கரு ஐஸுல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கு. நீங்க நாலு பேரும் இங்க ஒளிஞ்சு விளையாடுறீங்க. நல்ல பரம்பரை வேணும்னா நான் கேட்டேன்? யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னா கேட்டேன்? எனக்குப் பிள்ளை வேணும். அது என் மடியில உக்காரணும். கழுத்து நின்னு உக்காரணும். அவ்வளவுதான் அத்தை. அவ்வளவுதாம்மா."

மாமியாரையும் தாயையும் ஒரே மூச்சில் அவள் கூப்பிட்டதில் அந்த இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். எழுந்தபிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ்தான் மேசைப் பக்கம் கையை நீட்டினார். "குழாயைக் குடும்மா," என்றார். வகுப்பில் சாக்பீஸ் கேட்கிற குரல் அது.

இந்த முறை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கவுன்சலர் பொண்ணுக்குப் பைத்தியமா? அறை மூலையில் ஒரு திரையை இழுத்துவிட்டு, இரண்டு பெண்களையும் அதற்குள் நிறுத்தி, தானும் காவலுக்கு நின்றுகொண்டாள். திரைக்கு வெளியே இரண்டு கணவன்மாரும் பிடிபட்ட திருடர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு எங்க வெச்சு?" என்று மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"லிஃப்டுக்குள்ள," என்றார் லிஃப்ட்காரர். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திக்கிட்டேன். உங்களுக்கு?"

"ஓடுற வண்டியில."

லிஃப்ட்காரர் மரியாதையோடு தலையை ஆட்டினார்.

திரைக்குள்ளிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு பேருக்கும் வாய் வற்றிப்போயிருந்தது. பிறகு ஹெட்மிஸ்ட்ரஸின் குரல் கேட்டது, பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிருக்க முடியாத குரல்.

"நீங்களும் அதுக்குத்தானா?"

"ம்," என்றாள் தையல்காரம்மா.

"எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. நானா இருந்துட்டா?"

"ம்."

பிறகு துப்புகிற சத்தம் மட்டும் மாறி மாறிக் கேட்டது. மனைவி ஒருத்தியின் பயம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அடுத்த வீட்டிலும் அதே அளவுக்கு இருந்திருக்கிறது. இது தெரியாமல் இரண்டு பெண்களும் இத்தனை மாதம் ஒருவரையொருவர் குத்திக் கிழித்திருக்கிறார்கள்.

முடிவு வந்தால் அவரவர் முடிவை அவரவருக்கு மட்டும்தான் சொல்வேன், தெரிய வேண்டாம் என்றால் சொல்லவும் மாட்டேன், கருவைச் சோதிக்க எனக்குத் தெரிந்தால் போதும் என்று கவுன்சலர் பொண்ணு சொல்லியிருந்தாள். தையல்காரம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் மெஷினை வேகமாக ஓட்டினாள். அந்த நாட்களில் தைத்த சீருடைகளில் பொத்தான் துளை எல்லாம் தவறான பக்கத்தில் இருந்தது. ஒரு பள்ளிக்கூடமே இடது கை வாட்டமாகப் பொத்தான் போட வேண்டி வந்திருக்கும், நல்லவேளையாக மாஸ்டர் பார்த்துவிட்டார்.

போன் அவருக்கு வந்தபோது அவர் பயிற்சிக் காரில் இருந்தார். பல் டாக்டரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக நிறுத்தச் சொல்லி, நின்றதும் காதில் வைத்தார்.

"சார், உங்க முடிவைச் சொல்லட்டுமா?"

"சொல்லும்மா."

"அந்தக் கோளாறு உங்ககிட்ட இருக்கு சார். உங்க பையனுக்கு வந்த வழி நீங்கதான். உங்க உடம்புக்கு அதனால ஒண்ணும் ஆகாது."

"என் வீட்டுக்காரம்மாவுக்கு?"

"அவங்களோடதை அவங்ககிட்டதான் சார் சொல்லணும். ரெண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கல."

மாஸ்டர் போனை மடியில் வைத்தார். சாதாரணமாக இப்படி ஒரு சேதியைக் கேட்ட மனிதன் என்ன செய்வான்? தலையில் கைவைப்பான். நம்முடைய ஆளுக்கு வந்தது சந்தோஷம். நான்தான் என்றால் அவள் இல்லை. அவள் இல்லவே இல்லை! முதல் வகுப்பில் தேறிய பையனைப் போல இருக்கையிலேயே ஒரு குதி குதித்தார். தலை கூரையில் இடித்தது.

"டாக்டரம்மா, வண்டியை எங்க வீட்டுக்கு விடுங்க! வேகமா!"

"நீங்கதானே மாஸ்டர் மெதுவாப் போகணும்னு..."

"மிதிங்கம்மா!"

டாக்டரம்மா மிதித்தார். மாஸ்டரிடம் கற்றவர்களுக்கு மிதிப்பது என்றால் மிதிவண்டிகள் முந்திக்கொண்டு போகிற வேகம்தான். ஒரு பையன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். வீட்டு வாசலில் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். இதே தப்பைச் செய்த மாணவர்களை அவர் எத்தனையோ முறை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

"நான்தான்!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். "நான்தான்! நான்தாம்மா!"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன நீங்கதான்?"

"அந்தக் கோளாறு! என்கிட்டதான் இருக்காம்! நீ இல்ல! இப்பத்தான் அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சு!"

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது, உடனே இறுகிவிட்டது. "மறுபடியும் எனக்குப் பதிலா துப்புறீங்களா?" என்றாள்.

"ஐயோ, சத்தியமாச் சொல்றேன்!"

"அன்னிக்கு எச்சில் ஆம்பளையோடதுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பவும் இந்த முகத்தைத்தான் வெச்சுக்கிட்டு இருந்தீங்க. வேணாங்க. நான்தான்னா நான்தான். என் தலையில எழுதியிருந்தா நானே படிச்சுக்கிறேன். நீங்க ஒண்ணும் வாங்கிக்க வேணாம்."

தனக்குக் கோளாறு இருக்கிறது என்று ஒரு மனிதன் இவ்வளவு கெஞ்சி நிரூபிக்க வேண்டியிருந்ததை அந்த வீட்டு மெஷின்கள் பார்த்திருக்காது. மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதாகச் சொன்னார், அவனை இதில் இழுக்காதீங்க என்றாள். டாக்டரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவர் வாசலில் நின்று, போன் வந்தது உண்மை, மாஸ்டர் குதித்ததும் உண்மை, என்ன சொன்னார்கள் என்பது மட்டும் காதில் விழவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். கடைசியில் மாஸ்டர் துணிக் குவியலுக்குள் கையை விட்டு அவளுடைய போனைத் தேடியெடுத்து, கவுன்சலர் பொண்ணைக் கூப்பிட்டு, சத்தத்தைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார்.

"சொல்லும்மா, இவகிட்ட சொல்லு." மனைவி பக்கம் திரும்பினார். "கேக்கிறேன்னு நீ சொல்லு."

"கேக்கிறேன்," என்றாள் தையல்காரம்மா. போனுக்கு மட்டும் கேட்கிற குரல் அது.

"அம்மா, அந்தக் கோளாறு உங்ககிட்ட இல்ல," என்றது போன். "உங்க பையனுக்கு உங்க வழியா வரல. ரெண்டு பக்கமும் வழி தெரிஞ்சிடுச்சு. கருவைச் சோதிக்கிற வேலையை இனிமே ஆரம்பிக்கலாம்."

போன் அணைந்தது. டாக்டரம்மா நாகரிகம் தெரிந்தவர், சொல்லாமலே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். தையல்காரம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். மாஸ்டர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சந்தோஷம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது தீர்ந்ததும் அதுவரைக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்த விஷயம் முன்னால் வந்து நின்றது. தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்போ நான்தான்," என்றார். இந்த முறை தெருவுக்குக் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு நான்தான் குடுத்திருக்கேன்."

"என்னங்க?"

"கழுத்தைத் தூக்க எவ்வளவு பாடுபட்டுச்சு. நான் பக்கத்துல உக்காந்து கைதட்டிக்கிட்டு இருந்தேனே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கிட்டு." அவர் அழுதார். வெட்கப்படாமல், வாய்விட்டு.

தையல்காரம்மா கையை முகத்திலிருந்து எடுத்தாள். அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"யாரோட தப்பும் இல்லன்னு என்கிட்ட எத்தனை தடவை சொன்னீங்க," என்றாள். "அது பொய்யா?"

"பொய்யில்ல."

"எனக்குன்னா உண்மை, உங்களுக்குன்னா பொய்யா? அதென்ன கணக்கு?"

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான். அப்போது மேசைமேலிருந்த போன் மறுபடி மணியடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அழுகையோடு பேசும் குரல் மாஸ்டருக்கும் கேட்டது.

"சம்பந்தி, எங்க வீட்டுல நான்தான்." ஹெட்மிஸ்ட்ரஸ் பேசுகிறார். "நான்தாங்க. எம் பொண்ணு, யாரா இருந்தா என்னம்மான்னு சொல்லுறா. இவரும் சொல்றாரு. எனக்குத் தாங்கல. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். சிரிச்சுக்குங்க. நானா சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன்."

பாக்கெட் ஒரு விரற்கடை கீழே இறங்கியதற்காக மூட்டையோடு திருப்பி அனுப்பியவர். அத்தனை வருஷத்துக் கணக்கும் தையல்காரம்மாவின் கைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. இவள் பக்கம் சுத்தம். இனி எந்தக் கூட்டத்திலும் இவள் தலை நிமிர்ந்து உட்காரலாம். மாஸ்டருக்கு அது தெரிந்தது. அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டுக் காலைத் தரையில் அழுத்தினார்.

"அழாதீங்க சம்பந்தி," என்றாள் தையல்காரம்மா. "எங்க வீட்டுலயும் நான்தான்."